திண்ணையிலிருந்து தெருவுக்கு

வீட்டுக்குள் இருக்கும்போது ஊஞ்சற் பலகையில் நின்றுகொண்டே ஆடுவதும், அடுக்களைப் பாத்திரங்களையெல்லாம் கூடத்துக்கு இழுத்து வருவதும், தாத்தாவின் முதுகில் ஏறிக் குதிரையோட்டுவதுமாக ஒரு கணமும் ஓரிடத்தில் தரியாத நான்கு வயதுக் குழந்தை, கல்யாண வீட்டிலோ பள்ளிக்கூட வாசலிலோ நாலு புதுமுகங்களைக் கண்ட மாத்திரத்தில் தாயின் முந்தானைக்குப் பின்னால் மறைந்துகொண்டு, பேர் என்னவென்று கேட்டால்கூட வாய் திறவாமல் தரையைப் பார்த்து நிற்கும் காட்சி தமிழ்நாட்டில் அபூர்வமானதன்று. ‘வீட்டில் புலி, வெளியில் எலி’ என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். அச்சொல் குழந்தையின் காதிலும் விழுகிறது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. வீட்டில் ‘கொஞ்ச நேரம் சும்மா உட்காரக் கூடாதா?’ என்று அதட்டப்படுவதும், வெளியில் ‘வாயைத் திறந்து பேசக் கூடாதா?’ என்று நெருக்கப்படுவதும் அதே குழந்தைதான். எங்கே போனாலும் தான் இருக்கிற விதம் பிறருக்குப் பிடிக்கவில்லை என்ற ஒரே பாடத்தை இரண்டு இடங்களிலும் கற்றுக்கொள்ளும் அந்த ஜீவனுக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும் என்று பெற்றோர் யோசிக்க வேண்டும்.

தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்களை அழைத்துச் சென்று காட்டும் சிற்பங்களுள் சிறியதொன்று உண்டு. இரண்டாம் இராசராச சோழன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்ததும், 2004-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டதுமான அக்கோயிலின் கல்லில், ரிஷபமும் குஞ்சரமும் ஒரே சிரசைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. ஒருபுறத்து உடலைக் கையால் மறைத்துப் பார்த்தால் யானையாகவும், மறுபுறத்தை மறைத்துப் பார்த்தால் காளையாகவும் அந்தச் சிரசு தோன்றுகிறது. துருதுருப்பும் கூச்சமும் சேர்ந்து வாய்த்த குழந்தையை அச்சிற்பத்துக்குத்தான் நான் ஒப்பிடுவேன். ஒரு பாதியை மறைத்துக்கொண்டு பார்ப்பவர் அதை அடங்காப்பிடாரி என்கிறார். மற்றப் பாதியை மறைத்துக்கொண்டு பார்ப்பவர் பயந்தாங்கொள்ளி என்கிறார். இரண்டும் ஓருயிரின் சுபாவமே என்று கண்டுகொண்ட பிறகுதான் அக்குழந்தைக்கு உதவி செய்யத் தொடங்க முடியும்.

இவ்விரண்டு குணங்களும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல என்பதற்குச் சாஸ்திர ரீதியான ஆதாரம் இருக்கிறது. நியூயார்க் நகரில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதியர் 1956-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்திய ஆராய்ச்சியில், பிறவியிலேயே குழந்தைகளிடம் காணப்படும் சுபாவ வேற்றுமைகளை ஒன்பது அளவுகளாகப் பகுத்தார்கள். உடலின் இயக்கம் எவ்வளவு என்பது அவற்றுள் ஒன்று. புதியதைக் கண்டு அணுகுகிறதா, விலகுகிறதா என்பது வேறொன்று. ஓடியாடுகிற குழந்தை ஊரோடு ஒட்டிப் பழகியே தீர வேண்டும் என்ற நியதி இல்லை. அவர்கள் கண்ட குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் எளிதில் இசைபவர்கள், 10 சதவீதம் சமாளிக்கக் கடினமானவர்கள், 15 சதவீதம் மெல்ல மெல்லப் பழகுபவர்கள். எஞ்சிய 35 சதவீதம் இந்த மூன்று வகையிலும் அடங்காதவர்கள். மெல்லப் பழகும் வகையினர் பெரும்பாலும் உடலாலும் நிதானமானவர்களாக இருந்தபடியால், புயலைப் போல ஓடிக்கொண்டே கூச்சமும் படுகிற நம் குழந்தை அந்த எஞ்சிய கூட்டத்தைச் சேர்ந்ததென்று கொள்ளலாம். அது நோயோ குறையோ ஆகாது. சுபாவம் எதுவாயினும் அதற்கு வீடும் பள்ளியும் எவ்வளவு பொருந்தி நடக்கின்றன என்பதே குழந்தையின் பிற்கால நலத்தை நிர்ணயிக்கிறது என்பது அத்தம்பதியரின் பிரதான முடிவு. பிற்காலத்தில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஜெரோம் கேகன், புதியதைக் கண்டு மிரளும் சிசுக்களை ஆண்டுக் கணக்காகத் தொடர்ந்து கவனித்தபோதும், அவர்களுள் பெரும்பாலோர் கடுமையான கூச்சத்திலேயே நின்றுவிடவில்லை என்பதையும், ஒவ்வொரு சிறு பயத்திலிருந்தும் குழந்தையைத் தூக்கிக் காப்பாற்றிவிடாமல் மென்மையாக முன்னே செலுத்திய பெற்றோரின் பிள்ளைகள் அதிகம் தேறினர் என்பதையும் கண்டார்.

நியூயார்க்கையும் ஹார்வர்டையும் விட்டுவிட்டு, தாராசுரத்திலிருந்து சில மைல் தொலைவில் கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவுக்கு வருவோம். அங்கே, புடவைக் கடையொன்றில் கணக்கெழுதி வந்த ஒருவரின் வீட்டில், 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்த ஒரு பிள்ளை வளர்ந்தது. மூன்று வயதாகும்வரை அது சரியாகப் பேசவே இல்லை. ஊமையோ என்று தாய் கோமளத்தம்மாள் அஞ்சினார். அவருக்குப் பிறந்த வேறொரு குழந்தை சிசுப்பருவத்திலேயே இறந்துபோன துக்கம் அந்த அச்சத்தைப் பெருக்கியிருக்க வேண்டும். பேசாத அக்குழந்தை சும்மா இருந்ததென்று யாரும் எண்ண வேண்டாம். வீட்டிலுள்ள பித்தளை, செப்புப் பாத்திரங்களையெல்லாம் எடுத்து ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரைக்கும் வரிசையாக அடுக்கும். கேட்டது கிடைக்காவிட்டால் மண்ணில் விழுந்து புரளும். கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜனின் பாலப்பருவம் இது.

அந்தக் குழந்தையைப் பேசவைத்தது எது? காஞ்சிபுரத்திலிருந்த தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில் அட்சராப்பியாசம் செய்துவைத்தார்கள். தரையில் கனமாக அரிசியைப் பரப்பி, பாட்டனார் குழந்தையின் விரலைத் தம் கைக்குள் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக எழுதுவித்தார். உயிரும் மெய்யும் உயிர்மெய்யுமாக எழுத்துகளைக் கற்றுக்கொண்டு வருகையில் ஊமை என்ற பயம் நீங்கிப் போயிற்று. எதிரே நின்று ‘பேசு, பேசு’ என்று கேட்பதற்கும், பக்கத்தில் உட்கார்ந்து கையோடு கை சேர்த்து ஒரு காரியத்தில் ஈடுபடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டிய அவசியமில்லை. பதில் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தமில்லை. விரலுக்கு வேலை இருக்கிறது. அரிசியின் ஸ்பரிசம் இருக்கிறது. நம்பத்தக்க ஒரு பெரியவரின் உள்ளங்கை மேலே இருக்கிறது.

அதே பிள்ளையின் விஷயத்தில் தோற்றுப்போன உபாயமும் ஒன்று உண்டு. 1892-ஆம் வருஷத்து விஜயதசமியன்று காஞ்சிபுரத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்பட்ட ராமானுஜன் பின்னர் ஓரிரு பள்ளிகள் மாறிச் சென்னைக்குப் போனபோது, அங்குள்ள பள்ளியை அவ்வளவு வெறுத்ததால், வீட்டார் ஒரு போலீஸ்காரரைக் கொண்டு மிரட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. சில மாதங்களுக்குள்ளேயே குழந்தை கும்பகோணத்துக்குத் திரும்பிவிட்டது. பழகிய தெருவும் பழகிய வீடுமாக இருந்த இந்த ஊரில், காங்கேயன் ஆரம்பப் பள்ளியில் படித்து, 1897-இல் ஆரம்பப் பரீட்சையில் ஜில்லாவிலேயே முதன்மையாகத் தேறியது. ‘சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவேன்’ என்று இன்றும் பேருந்துகளில் குழந்தைகளை அதட்டும் தாய்மார் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கூச்சமுள்ள குழந்தைகளெல்லாம் மேதைகளாவார்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பெற்றோருக்குப் பொய்யான ஆறுதலைத் தருவதாகும். அந்த மேதையின் வாழ்க்கையில் நமக்கு வேண்டிய செய்தி வேறிடத்தில் இருக்கிறது. வெளியே போய் விளையாட அனுமதிக்கப்படாத அந்தச் சிறுவன், வீட்டு ஜன்னல் வழியாகத் தெருவிலிருந்த சகபாடிகளோடு பேசுவானாம். வளர்ந்த பிறகு, தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது, திண்ணையில் கால்களை மடக்கி உட்கார்ந்து, பெரிய கற்பலகையை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவாராம். இப்போது நினைவில்லமாகப் பாதுகாக்கப்படும் அந்த வீட்டில் ஜன்னலும் திண்ணையும் இருக்கின்றன. வீட்டுக்குள்ளும் இராமல், தெருவிலும் இறங்காமல், உலகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு அந்த இரண்டும் இடம் கொடுத்தன.

காவேரிப் பாசனப் பிரதேசத்தின் பழைய வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் குழந்தை மனோதத்துவத்தைப் படித்தவர்கள் அல்லர்; ஆனால் அவர்கள் கட்டிய வீடு, கூச்சமுள்ள குழந்தை ஒவ்வொரு படியாக உலகத்துக்குள் இறங்குவதற்கு வாகாக அமைந்திருந்தது. கூடத்தில் தாய், ரேழியில் அரையிருட்டு, அதைத் தாண்டினால் திண்ணை, திண்ணையில் வெற்றிலை மெல்லும் தாத்தா, அவர் மடியில் உட்கார்ந்தால் தெருவே கண்ணெதிரில். கீரைக்காரி வருகிறாள், தபால்காரர் வருகிறார், எதிர்வீட்டுப் பிள்ளை பம்பரம் விடுகிறான். யாரும் இந்தக் குழந்தையைப் பார்த்துப் பேசுவதில்லை. பேசினாலும் பதில் தாத்தா சொல்லிவிடுவார். பத்து நாள் பார்த்த பிறகு ஒரு நாள் குழந்தை தானாகவே ஒரு படி கீழே இறங்கும். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1932-இல் சிறு குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது, தனியாக விளையாடுதல், மற்றவர் விளையாடுவதை வேடிக்கை பார்த்தல், பக்கத்தில் உட்கார்ந்து அவரவர்பாட்டில் விளையாடுதல், கலந்து விளையாடுதல், கூடி ஒரு நோக்கத்தோடு விளையாடுதல் என்று படிகளைக் கண்டார். வேடிக்கை பார்ப்பது வீண்பொழுது என்று நினைக்கிறவர்கள் மிகுதி. கூச்சமுள்ள குழந்தைக்கோ அதுவே அத்தியயனம். ஆட்டத்தின் விதி என்ன, யார் அழுகிறான், யார் விட்டுக்கொடுக்கிறான், எந்த நேரத்தில் நுழையலாம் என்பதையெல்லாம் அது பார்த்துப் பார்த்தே பாடம் பண்ணிக்கொள்கிறது.

திண்ணைகளை இடித்துக் கார் நிறுத்தவும் கடை வைக்கவும் இடம் செய்துகொண்டோம். இரும்புக் கதவைத் திறந்தால் நேரே தெரு, மூடினால் நேரே தொலைக்காட்சி என்றாகிவிட்டது. நடுவிலிருந்த படி போய்விட்டபடியால், குழந்தை ஒரே தாண்டலில் தாண்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். போன திண்ணையைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்ட முடியாவிட்டாலும், நம் நடத்தையால் மீண்டும் கட்டலாம் என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. கல்யாணத்துக்குப் போவதாயிருந்தால் கூட்டம் சேர்வதற்கு அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். நிறைந்த மண்டபத்துக்குள் நுழைவது வேறு, காலி மண்டபத்தில் ஓடிக்கொண்டிருக்கையில் ஒவ்வொருவராக வந்து சேர்வதைப் பார்ப்பது வேறு. விருந்தாளியாகப் போகும் மாமாவும் சித்தியும், போனவுடன் குழந்தையைத் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளாமல், அதன் பக்கம் நேரே பார்க்காமல், தரையில் உட்கார்ந்து நாலு சொப்புகளை எடுத்து அடுக்கத் தொடங்கினால் போதும். சற்று நேரத்தில் ஐந்தாவது சொப்பைக் குழந்தையே கொண்டுவந்து நீட்டும்.

பிரிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாராசுரம் கோயிலின் கருவறைச் சுவரடியில் அறுபத்துமூவர் சரிதங்களைச் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாயன்மார்களுள் ஒருவரான திருஞானசம்பந்தரின் வரலாற்றில், மூன்று வயதுப் பிள்ளையைச் சீகாழிக் குளத்தங்கரையில் நிறுத்திவிட்டுத் தந்தை நீராட இறங்குகிறார். தந்தை கண்ணெதிரே இருந்தவரையில் பிள்ளை நின்றது. அவர் நீருக்குள் மூழ்கிக் கண்ணுக்கு மறைந்ததும் அழுதது. அம்மை ஞானப்பால் ஊட்டியது பக்தர்களின் விசுவாசம். மூன்று வயதில் தைரியம் என்பது தந்தையின் உருவம் கண்ணில் படும் தூரம்வரைக்கும்தான் என்பது இவ்வரலாற்றைப் பாடிய சேக்கிழார் எந்த நூற்றாண்டுத் தாய்க்கும் சொல்லும் உண்மை. தாராசுரத்துப் பட்டு நெசவாளர் இல்லங்களில் இது இன்னும் கூர்மையாகப் புலப்படும். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தறிக்குழியில் தகப்பனார் அமர்ந்திருக்கிறார். நாடா ஓடும் ஓசை கேட்கும்வரை அப்பா இருக்கிறார் என்ற நிச்சயத்தோடு குழந்தை வீடெங்கும் ஓடுகிறது. அப்படி வளர்ந்த குழந்தையை ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளி வாசலில் விட்டு, அது திரும்பிப் பார்ப்பதற்குள் மறைந்துவிடுவது பெரிய அநியாயம். சொல்லாமல் நழுவிப் போவதைவிட, ‘சோறு சாப்பிட்டதும் வருவேன்’ என்று சொல்லி, அழுதாலும் சொன்னபடி போய், சொன்னபடி திரும்பி வருவது நூறு பங்கு நல்லது. மணிக் கணக்கு அந்த வயதுக்குப் புரியாது. சோறு, தூக்கம், மணியோசை என்ற வரிசை புரியும்.

தாராசுரத்தில் வீரபத்திரர் கோயிலை ஒட்டி ஒட்டக்கூத்தரின் சமாதி என்று ஊரார் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், ஐராவதேசுவரர் கோயிலை எடுத்த இரண்டாம் இராசராசன் என்ற மூவருக்கும் அவைப்புலவராக வாழ்ந்த அவர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழே நமக்குக் கிடைக்கும் பிள்ளைத்தமிழ்களுள் பழமையானது. மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை பத்துப் பருவங்களாகக் குழந்தையின் வளர்ச்சியைப் பாடும் அந்தப் பிரபந்த வகையை இலக்கணக் கணக்காக மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். அதன் வரிசையைக் கவனித்தால் ஆச்சரியமாயிருக்கும். செங்கீரை, தால், சப்பாணி என்ற முற்பருவங்களில் குழந்தையும் தாயும் மட்டுமே இருக்கிறார்கள். அம்புலியில்தான் முதன்முதலாக ஒரு விளையாட்டுத் தோழன் அழைக்கப்படுகிறான். அவனும் எட்டாத தூரத்துச் சந்திரன், வந்து தொல்லை தரமாட்டான்! அடுத்துச் சிற்றில்: பிற குழந்தைகள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைப்பதும், அவர்கள் ‘சிதைக்காதே’ என்று வேண்டுவதும். சகவாசத்தின் முதல் அத்தியாயமே சண்டைதான் என்பதைப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். அதற்குப் பின்தான் சிறுபறை, சிறுதேர். கையில் ஒரு கருவியோடு குழந்தை தெருவுக்கே வந்துவிடுகிறது.

அந்தச் சிறுதேர் இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, காவேரிக்கரையூர்ப் பிள்ளைகள் சிறு சப்பரத்துக்குக் காகிதமும் பூவும் ஒட்டி, கயிறு கட்டி, கடகடவென்று தெருவில் இழுத்துப் போவதைப் பார்த்திருக்கிறோம். துருதுருத்த கூச்சக்காரக் குழந்தைக்கு இதைப் போல் உகந்த பண்டிகை வேறில்லை என்பேன். கால்களுக்கு ஓட்டம் கிடைக்கிறது. கைக்குக் கயிறு கிடைக்கிறது. எல்லாருடைய கண்ணும் சப்பரத்தின் மேல் இருப்பதால் தன் முகத்தின் மேல் யார் பார்வையும் விழவில்லை என்ற நிம்மதி கிடைக்கிறது. ‘நானும் கொஞ்சம் இழுக்கட்டுமா?’ என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கேட்கையில், பேச்சுக்கு விஷயமும் தானே பிறந்துவிடுகிறது. ஆண்டுக்கொரு நாள் கிடைக்கும் இந்த வசதியை மற்ற நாட்களிலும் உண்டாக்கிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? ஒரு பழைய டயர், ஒரு பனங்காய் வண்டி, ஒரு வாளி மணல் எதுவானாலும் சரி. முகத்தோடு முகம் வைத்துப் பழகத் தெரியாத குழந்தை, ஒரு பொருளை நடுவில் வைத்துப் பழகும்.

மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிஷமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாடுவதாக இருக்க வேண்டும், திரையின் முன் உட்காருவது ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. துருதுருப்பை அடக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓடித் தீர்த்த குழந்தையின் உடல் தளர்ந்து மனம் இலேசாகிறது. அந்த நேரத்தில்தான் அது புதியவர்களிடம் சற்றே இளகும். ஆகவே யாருடனாவது பழகவைக்க வேண்டுமானால், அலங்காரம் செய்து நாற்காலியில் உட்காரவைத்துப் பழகவைப்பதைவிட, கோயில் புல்வெளியில் அரை மணி ஓடவிட்ட பிறகு முயல்வது மேல். எந்த விளையாட்டு என்பதும் முக்கியம். கண்ணாமூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒளிந்துகொள்வது கூச்சமுள்ள குழந்தைக்கு இயல்பு, அந்த விளையாட்டில் ஒளிவதே சாமர்த்தியமாகவும், கண்டுபிடிக்கப்படுவது ஆனந்தமாகவும் ஆகிவிடுகிறது. ரயில் விளையாட்டில் முன்னே போகிறவனின் சட்டையைப் பிடித்தால் போதும், முகம் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம்; ஆனாலும் கூட்டத்தில் ஓர் அங்கமாகிவிடுகிறோம். பருப்புக் கடைந்து நண்டூரச் செய்யும் பாட்டியின் விளையாட்டில் ‘உன் முறை, என் முறை’ என்ற மரியாதை சிரிப்போடு சிரிப்பாக உள்ளே இறங்குகிறது. வென்றவர் தோற்றவர் என்று பிரிக்கும் போட்டிகளுக்கு அவசரம் வேண்டாம். பாண்டியும் கிளித்தட்டும் காத்திருக்கும்.

சிநேகிதர் எத்தனை பேர் வேண்டும்? ஒருவர் போதும். பத்துப் பிள்ளைகள் வரும் பிறந்தநாள் விழா கூச்சமுள்ள குழந்தைக்கு ஒரு தண்டனை. அதே தெருவில் வசிக்கும், தன்னைவிட ஒரு வயது இளைய பிள்ளை ஒன்று வாரத்தில் இரண்டு சாயங்காலம் வந்துபோவது பெரும் பாக்கியம். இளையவரிடம் தைரியமாகப் பேசிப் பழகிய நாக்கு, பிறகு சமவயதினரிடமும் பேசும். இருவரும் ஒரே சொப்புக்கு அடித்துக்கொண்டால் உடனே ஓடிப்போய் நியாயம் தீர்க்காதீர்கள். அடி பலமாக விழாதவரை காத்திருங்கள். ‘எனக்குத் தா’ என்று கேட்கவும், ‘தரமாட்டேன்’ என்று மறுக்கவும், ‘அப்புறம் தருகிறேன்’ என்று சமரசம் செய்யவும் குழந்தை கற்கிற பள்ளிக்கூடம் அதுவே. மறுக்கத் தெரிந்த குழந்தைதான் மனம் ஒப்பிக் கொடுக்கவும் கற்றுக்கொள்ளும்.

சுறுசுறுப்பான குழந்தைக்குத் தன்னம்பிக்கை பாராட்டுரைகளால் வருவதைவிடக் காரியங்களால் வருவதே அதிகம். தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுக்குத் தந்தையோடு போகும் பிள்ளை, முதல் வாரம் பையின் ஒரு காதைப் பிடிக்கட்டும். அடுத்தடுத்த வாரங்களில் தக்காளியைப் பொறுக்கி எடுக்கட்டும். பிறகு காசைக் கடைக்காரர் கையில் கொடுக்கட்டும். பேச்சு அதற்கும் பிறகு வரட்டும். ‘அண்ணே, கால் கிலோ கத்திரிக்காய்’ என்று ஒரு நாள் அது தன் வாயால் சொல்லிவிட்டால், அவ்வெற்றியை ஊர் முழுக்கச் சொல்லிக் கொண்டாட வேண்டாம். ஒன்றும் நடவாதது போல நடந்துகொள்வதே குழந்தைக்குச் செய்யும் மரியாதை. இதற்கு நேர்விரோதமானது, வந்தவர்கள் முன்னே நிறுத்தி, ‘மாமாவுக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு’ என்று வற்புறுத்தும் வழக்கம். பாடாவிட்டால் ‘இவன் இப்படித்தான், யாரோடும் பேசமாட்டான்’ என்று குழந்தையின் எதிரிலேயே தீர்ப்புச் சொல்லுகிறோம். பெற்றோர் வாக்கைப் பிரமாணமாகக் கொள்ளும் வயதில் அந்தத் தீர்ப்பைக் குழந்தை ஏற்றுக்கொண்டு அதன்படியே நடக்கிறது. ‘இன்னும் பழகவில்லை, பழகினால் பேசுவான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

பள்ளிக்கூடம் என்று வரும்போது, மரியா மாண்டிசோரி அம்மையாரை மறக்க முடியாது. பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், உலக யுத்தத்தின் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் வசித்தார். தண்ணீர் ஊற்றுதல், பொத்தான் போடுதல், மேஜை துடைத்தல் போன்ற கைக்காரியங்களின் வழியாகவே குழந்தைக்குத் தன்மதிப்பு பிறக்கிறதென்பது அவர் கொள்கை. அவர் வகுத்த மௌன விளையாட்டு நம் குழந்தைக்கென்றே பிறந்தது போலிருக்கிறது. எல்லாரும் அசையாமல், ஓசையின்றி அமர்ந்திருப்பார்கள். அடுத்த அறையிலிருந்து உபாத்தியாயினி ஒவ்வொரு பெயராக மிக மெல்லிய குரலில் அழைப்பார். அழைக்கப்பட்ட குழந்தை சத்தமில்லாமல் நடந்து அவரிடம் போய்ச் சேரும். துள்ளுகிற உடலுக்கு அடக்கத்தில் ஓர் இன்பமும், கூசுகிற உள்ளத்துக்குத் தன் பெயர் அன்போடு அழைக்கப்படும் இன்பமும் ஒரே விளையாட்டில் கிடைக்கின்றன. காசு செலவில்லாத இவ்விளையாட்டை எந்த ஆசிரியையும் நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

பெரும்பாலான ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் பள்ளி அங்கன்வாடிதான். 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தேசத்தில் தொடங்கியது; 1982 ஜூலை முதல் தேதி தமிழகத்தில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளைக் குழந்தைகள் நல மையங்களில் ஒரே வரிசையில் உட்காரவைத்தது. சோற்றின் பயனை எல்லாரும் பேசுகிறார்கள். பந்தியின் பயனைப் பேசுவோர் சிலர். பக்கத்துக் குழந்தைக்குத் தட்டைத் தள்ளிக் கொடுத்து, தண்ணீர் வரும்வரை பொறுத்திருந்து, வேறு வீட்டுப் பிள்ளையோடு ஒரே உணவை உண்பது, பேசத் தெரியாத குழந்தையும் பங்கேற்கக்கூடிய சமூக வாழ்க்கை. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் வந்தபோது பெற்றோர் மகிழ்ந்தது நியாயம். எழுத்துப் பயிற்சிக்காக ஓட்டமும் பாட்டும் குறைந்துவிடுமானால் மாத்திரம், நாம் பேசுகிற குழந்தைக்கு அதனால் நஷ்டமே.

தாராசுரத்துக்குரிய ஒரு விஷயத்தை ஆசிரியைகள் நினைவில் வைக்க வேண்டும். சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர் குடும்பங்கள் இங்கு பல. வீட்டில் ஒரு பாஷை, பள்ளியில் வேறொரு பாஷை என்றிருக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் மௌனமாயிருப்பதைக் கூச்சமென்றோ மந்தமென்றோ எண்ணிவிடக் கூடாது. காது புதிய சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதே சமயம், பொறுமை என்ற பெயரில் கவனியாமல் விட்டுவிடவும் கூடாது. வீட்டில் தாராளமாகப் பேசும் குழந்தை, பள்ளியின் பாஷை நன்றாகத் தெரிந்திருந்தும், சேர்ந்த முதல் மாதம் கழிந்த பின்னும் அங்கே ஒரு சொல்லும் பேசாமலே இருந்தாலும், வீட்டிலும் பேச்சு வளராமலிருந்தாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலிருந்தாலும், வைத்தியரைப் பார்ப்பது கடமை. முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு வந்து பரிசோதிக்கும் ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது. அந்த நாளில் தாயும் உடனிருந்து, தான் கவனித்ததைத் தயங்காமல் சொன்னால், மேற்கொண்டு செய்ய வேண்டியதற்கு மாவட்ட மையத்துக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள்.

கடைசியாக, ஊராரிடமும் அதிகாரிகளிடமும் ஒரு விண்ணப்பம். தாராசுரம் இப்போது கும்பகோணம் மாநகராட்சியின் ஒரு பகுதி. சாலையும் சாக்கடையும் தெருவிளக்கும் வேண்டியவைதான். அவற்றோடு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் ஒரு வார்டின் குடிகளாக எண்ணிப் பாருங்கள். பெரிய பிள்ளைகளுக்கென்று அமைத்த ஊஞ்சலும் சறுக்குமரமும் இவர்களுக்கு எட்டுவதில்லை. ஒவ்வோர் அங்கன்வாடிக்கு முன்னாலும் ஒரு புங்கமரத்து நிழல், வெயிலில் சுடாத ஒரு மணற்குவியல், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், ஓடிவர இருபதடி வெற்றிடம் ஆகியவற்றுடன், வாசலை ஒட்டித் தாயோ பாட்டியோ முதல் வாரம் முழுவதும் உட்கார்ந்து, தன்னைக் குழந்தையின் கண்ணில் படவைத்துக்கொண்டிருக்க ஒரு சிமெண்டுத் திண்ணை: இவற்றை அமைத்துக் கொடுக்கப் பெரிய பணம் தேவையில்லை, வரும் ஜூன் மாதத்துக்குள் கட்டி முடித்துவிடலாம்.